ரங்கூனில் பிழை திருத்திய காலம்

பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துகிறவன் சரியாகச் செய்த வேலையை யாரும் பார்ப்பதில்லை. தவறவிட்டதை மட்டும் ஊர் முழுக்கப் பார்க்கும். ஆபீஸ் உத்தியோகம் பார்த்து நொந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் அரிசி மில் குமாஸ்தா ஆகலாம் என்று ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவன் நான். மில் துரைக்கு என் இங்கிலீஷ் பிடிக்கவில்லை. முகல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தமிழ்ப் பத்திரிகைக்கு என் தமிழ் பிடித்துப்போயிற்று. அப்போது அது வாரம் மூன்று முறை வந்தது. காலால் மிதிக்கிற அச்சு யந்திரம் ஒன்று, சாய்ந்த மேஜை இரண்டு. ஆசிரியர் சிவஞானம் பிள்ளை, அச்சுக்கோக்கிற நாகூர்க்காரர் காதர் மைதீன், அப்புறம் நான். காலையில் புரூப் பார்ப்பேன். மத்தியானம் வாசல் மேஜையில் உட்கார்ந்து, விளம்பரம் கொடுக்க வருகிறவர்களையும் சண்டை போட வருகிறவர்களையும் வரவேற்பேன்.

ழ பஞ்சம்

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ழ தீர்ந்துபோயிற்று. வேறு எழுத்துகள் இருந்தன. ழ மட்டும் தேய்ந்து, மூக்கு உடைந்து, அச்சடித்தால் ம மாதிரி விழுந்தது. சென்னையிலிருந்து வரவேண்டிய புது எழுத்துப் பெட்டி அந்த வாரக் கப்பலில் வரவில்லை. உருப்படியான ழ ஒரு கைப்பிடிதான் மிச்சம் என்று காதர் மைதீன் ஆசிரியரிடம் வந்து நின்றார்.

ஆசிரியர் அன்று தமிழ்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றி நீளமாகத் தலையங்கம் எழுதியிருந்தார். காதர் மைதீன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கெஞ்ச ஆரம்பித்தார். ஆசிரியரும் மனசில்லாமல் குழந்தைகளைப் பிள்ளைகள் ஆக்கினார். ஏழைகள் எளியவர்கள் ஆனார்கள். மழைக்காலம் மாரிக்காலம் ஆயிற்று. விழா என்று எழுதியதை உற்சவம் என்று மாற்றும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தலையங்கத்தில் இவ்வளவு மாற்றச் சொல்கிறீரே, மூன்றாம் பக்கத்தில் தைப்பூசக் காவடி எடுத்தவர்கள் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதில் மூன்று பேருக்கு ஒருவன் பழனியாக இருக்கிறானே, அங்கே ஒரு வாரத்துக்கு ள போட்டுச் சமாளிக்கக் கூடாதா என்று கேட்டார். அச்சுக்கோக்கிறவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"தலையங்கத்துல எந்த வார்த்தையை மாத்தினாலும் கேக்க ஆளில்லை ஐயா. பழனியாண்டியைப் பளனியாண்டின்னு போட்டா அவன் காவடியோட இங்கேயே வந்து நிப்பான்."

இறந்தவர் வந்தார்

பசுந்தாங் பக்கம் ஒரு மில்லில் மேஸ்திரியாக இருந்த முனுசாமி காலமானார் என்று அவர் வீட்டார் எழுதிக் கொடுத்தார்கள். வரி நீளமாக இருக்கிறதே என்று மில்லின் பெயரை வெட்டினேன். அதே பசுந்தாங்கில் இன்னொரு மில், இன்னொரு மேஸ்திரி, இன்னொரு முனுசாமி இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் வாட்டசாட்டமான ஓர் ஆள் வந்து என் எதிரே உட்கார்ந்து, நான்தான் முனுசாமி என்றார். டீ வரவழைத்தேன். அவர் நிதானமாகக் குடித்தார். கோபத்தின் சாயலே முகத்தில் இல்லை. அவருக்குத் தம்பி ஒருவன், டிராம் கண்டக்டர். ஒரு பெண் எடுத்த விஷயத்தில் மனஸ்தாபமாகி ஆறு வருஷமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு முகம் பார்க்காதவன். பத்திரிகையில் பார்த்துவிட்டு, மாலையும் கையுமாக அழுதுகொண்டே ஓடி வந்திருக்கிறான். அண்ணன் வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தாராம். தம்பி அப்படியே காலைக் கட்டிக்கொண்டவன் அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டான். மறுநாளும் வந்து சாப்பிட்டானாம்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட ஆசிரியர் வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். மில் பெயரோடு திருத்தம் அடுத்த இதழிலேயே வரும், நிஜமாக இறந்தவருக்கும் மரியாதை உண்டல்லவா என்றார். முனுசாமி சரி சரி என்று தலையாட்டினார். ஆசிரியர் உள்ளே போனதும் மேஜைமேல் குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் திருத்தத்தை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா தம்பி? என் தம்பி வந்துட்டான். மோல்மீன்ல இருக்கிற மச்சான் இன்னும் வரலை."

ராமநாதபுரத்தில் மழை

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர் ஒருநாள் வந்தார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய் நிரம்பிவிட்டதாகப் போட்டிருந்தீர்களாமே, எந்தக் கண்மாய் என்று விவரமாகச் சொல்லமுடியுமா என்று கேட்டார்கள். அப்படி ஒரு செய்தி நாங்கள் போடவில்லை. இரண்டாவது வருஷமாக அங்கே மழை இல்லை என்றுதான் போட்டிருந்தோம். யார் சொன்னது என்றேன். நாங்கள் தங்கியிருக்கும் கொட்டடியில் அருளப்பன் வாசிக்கக் கேட்டோம் என்றார்கள். அருளப்பன் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாத நாற்பது பேருக்கு எங்கள் பத்திரிகை என்றால் அருளப்பன் குரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கொட்டடிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சட்டசபைச் செய்தி, கப்பல் வருகை, காலரா ஊசி எல்லாம் எழுத்துக்கு எழுத்துச் சரியாக வாசித்தார். என் பிழைகளையும் அவரே திருத்திக்கொண்டார். கடைசியில் பக்கத்தைத் திருப்பி, குரலை உயர்த்தாமல், ராமநாதபுரம் ஜில்லாவில் முந்தாநாள் இரவு பரவலாக நல்ல மழை என்றார். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கலைந்த பிறகு அருளப்பனைத் தனியே அழைத்து, இது தப்பில்லையா என்று கேட்டேன். நீங்கள் நடந்ததை அச்சடியுங்கள், நாளைக்கு இவர்கள் மூட்டை தூக்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி நான் வாசிக்கிறேன் என்றுவிட்டார்.

ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. ஐந்து வாரம் கழித்து சென்னைத் தபாலில் ராமநாதபுரத்தில் நிஜமாகவே மழை பெய்த செய்தி வந்தது. அதை முதல் பக்கத்தில், எங்களிடம் இருந்ததிலேயே பெரிய எழுத்தில் போடச் சொன்னார். மை காய்வதற்குள் ஒரு பிரதியைக் கையோடு கொடுத்து வரும்படி என்னை அனுப்பினார். ஓட்டமும் நடையுமாகத் துறைமுகத்துக்குப் போய் அருளப்பன் கையில் கொடுத்தேன். வாசித்தார். சந்தோஷப்பட்டார். அப்புறம் முகம் விழுந்துவிட்டது.

"இதை இப்ப எப்படிங்க வாசிக்கிறது? நான் போன மாசமே கண்மாயை நிரப்பிட்டேனே."

பிள்ளை நடக்கிறான்

மா செயின் என்ற பர்மியப் பெண் கெமண்டைன் சந்தையில் வெற்றிலை விற்கிறவள். அவள் புருஷன் சின்னையா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், படகுக்காரன். தங்கை கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனவன் எட்டு மாதமாகத் திரும்பவில்லை, கடுதாசியும் இல்லை. எங்கள் பத்திரிகை நாகப்பட்டினத்திலும் படிக்கப்படுகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, இடுப்பில் பிள்ளையோடு வந்தாள்.

அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது சின்னையா. அவன் அவளை நீ, வா, போ என்று பேசியதால் அவளுக்கும் உலகத்தில் எல்லோரும் நீதான். எங்கள் ஆசிரியரைப் பார்த்து, நீ ரொம்ப இளைச்சிருக்கே, சாப்பிடு என்றாள். மில் முதலாளிகள்கூட ஐயா என்று கூப்பிடுகிற மனிதர், சரிம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் வழக்கமான பாணியில், மேற்படி நபர் உடனே திரும்பி வரவேண்டியது என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவள் வேண்டாம் என்றாள். வரச் சொல்லி எழுதாதே, பிள்ளைக்கு நடை வந்துவிட்டது, அதை மட்டும் எழுது என்றாள். அப்படியே போட்டோம்: "சின்னையாவுக்கு கெமண்டைன் மா செயின் தெரிவிப்பது. பிள்ளை நடக்கிறான்." புரூப்பில் திருத்த ஒன்றுமில்லை.

பதில் வரவில்லை. நாலைந்து மாதம் கழித்து மறுபடி வந்து, பிள்ளை பேசுகிறான் என்று போடச் சொன்னாள். அதற்கப்புறம், பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. பிள்ளை நீந்துகிறான். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்து மேஜையில் வைப்பாள். பிள்ளை என் மைக்கூட்டில் விரலை விடுவான். விளம்பரத்தை எழுத ஒரு நிமிஷம். அதற்கு முன்னால் பிள்ளையைப் பற்றி அரைமணி நேரம் சொல்லுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்படி இரண்டு வருஷம் போனது. ஒருநாள் வந்தவள், நான் காகிதத்தை எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தாள். விளம்பரம் வேண்டாமென்றால் எதற்கு வந்தாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"இனி பேப்பர்ல போட வேணாம். அவன் பார்க்கிறானோ இல்லையோ, பிள்ளை வளர்றது உனக்குத் தெரியும். அது போதும்."

மணிக்கொரு வரி

எங்கள் பத்திரிகையில் அதிகம் படிக்கப்பட்டது தலையங்கம் என்று ஆசிரியர் நம்பினார். உண்மையில் அது கப்பல் வருகைப் பத்தி. இதழ் வராத நாட்களில் வாசலில் ஒரு பெரிய கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதுவோம். அது என் வேலை.

ஓர் ஐப்பசி மாதம் கடலில் புயல். செவ்வாய்க்கிழமை வரவேண்டிய நாகப்பட்டினம் கப்பல் வரவில்லை. புதன்கிழமை காலையில் எங்கள் சந்து நிறைய ஆட்கள். பலகைக்கு நேர் எதிரே நின்றவர் வேலாயுதம் என்று ஒரு தச்சர். மர மில்லில் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம். மனைவியோடு சேர்ந்து இருந்தது இருபது நாள். முதல்முறையாக அவள் அந்தக் கப்பலில் வருகிறாள். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விரைவில் எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதப் போனேன். ஆசிரியர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தெரியாததைத் தெரியாதுன்னே எழுதுங்க. ஆனா மணிக்கொரு தரம் எழுதுங்க. அவங்களுக்காகக் கேக்கிறதுக்கு ஓர் ஆள் இருக்குன்னு தெரியட்டும்" என்றார். காதர் மைதீனை அச்சுக்கோக்கும் வேலையிலிருந்து எழுப்பி, துறைமுக ஆபீசுக்கும் எங்களுக்கும் நடுவே நடக்கவிட்டார். அவர் வந்து, இல்லை என்று தலையை ஆட்டுவார். நான் எழுதுவேன்: மணி பத்து, துறைமுகத்தில் கேட்டோம், தகவல் இல்லை. மணி பதினொன்று, கேட்டோம், தகவல் இல்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனேன். மத்தியானம் தூறல் போட்டது. எழுத்து கரைய ஆரம்பித்தபோது, வேலாயுதம் தன் தலைமேல் பிடித்திருந்த குடையைப் பலகைக்குப் பிடித்தார். அவர் நனைந்துகொண்டு நின்றார். யாரோ லபே என்கிற பர்மா டீ வாங்கிவந்து கொடுத்தார்கள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று. பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு காதர் மைதீன் சந்து முனையிலிருந்து ஓடி வந்தார். தொப்பி கையில் இருந்தது. மூச்சு வாங்கியதில் அவரால் பேச முடியவில்லை. என் கையிலிருந்து சாக்கட்டியைப் பிடுங்கி அவரே எழுதினார். ஆயிரக்கணக்கான வரிகளை அச்சுக்கோத்த மனிதர், கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது: கப்பல் ஆற்றுக்குள் வந்துவிட்டது, எல்லோரும் சுகம். சந்து ஒரு நிமிஷத்தில் காலியாகிவிட்டது. வேலாயுதத்தின் குடை மட்டும் பலகைமேல் சாய்ந்தபடி இருந்தது.

மறுநாள் அவர் குடையை எடுக்க வந்தார். கூடவே மனைவி அஞ்சலை. கடல் மயக்கம் இன்னும் தெளியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகையை நான் இன்னும் துடைக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வேலாயுதம் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, பத்து மணிக்குக் கேட்டோம், பதினொரு மணிக்குக் கேட்டோம் என்று கீழ் வரைக்கும் வாசித்தார். அவள் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னையப் பத்தியா இத்தனை தடவை கேட்டீங்க?"

தின்கன்ஜூன் கார்டு

திங்கட்கிழமை என்றால் எனக்குப் பயம். ஊர்க்கோடியில் இருந்த தின்கன்ஜூனிலிருந்து ஒரு தபால் கார்டு வரும். எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எத்தனையாவது வரி, என்ன பிழை என்று நிமிர்ந்த எழுத்தில் பட்டியல். கீழே கையெழுத்து கிடையாது. நான் யாரோ பென்ஷன் வாங்கிய கிழவர் என்று நினைத்து, அவர் முகத்தைக்கூடக் கற்பனை செய்து வைத்திருந்தேன். காரணம் இல்லாமல் அந்த முகத்துக்கு மூக்குப்பொடிப் பழக்கம் வேறு கொடுத்திருந்தேன்.

ஒரு வருஷம் மலேரியா வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். என் வேலையை ஆசிரியரே பார்த்தார். அவருக்குக் கருத்துப் பிழை தெரியும். எழுத்துப் பிழை கண்ணில் படாது. உடம்பு தேறி, பிடித்துப் பிடித்து நடந்து வேலைக்குத் திரும்பிய அன்று மேஜையில் மூன்று கார்டுகள் காத்திருந்தன. முதல் இரண்டும் இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதிய பட்டியல்கள். மூன்றாவதில் பட்டியலே இல்லை, ஒரு சிறு கடிதம் இருந்தது. எழுதியது கிழவர் இல்லை, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் பர்மியம் பேசுகிற தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் போதாமல், எங்கள் பத்திரிகையைக் கையில் கொடுத்து, பிழை கண்டுபிடி என்று வேலை வைத்துத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தாராம். என் தவறுகளில் ஒரு வகுப்பே படித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசி வரிகளுக்காகவே அந்தக் கார்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

"மூன்று வாரமாகப் பிழைகள் மிகுந்துவிட்டன. எப்போதும் பார்க்கிற ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்."

தினசரி ஆனோம்

பத்து வருஷக் கனவாக ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தது கடைசியில் நடந்தது. பெரிய யந்திரம் வந்தது, கூட இரண்டு அறை எடுத்தோம், அச்சுக்கோக்க நான்கு பேர் சேர்ந்தார்கள், பத்திரிகை தினசரி ஆயிற்று. முதல் நாள் காதர் மைதீன் யந்திரத்துக்கு சாம்பிராணி காட்டினார். ஆசிரியர் விபூதி பூசினார். நான் தேதியைச் சரிபார்த்தேன். அது தவறாக இருந்தது. நல்லவேளை, ஓட ஆரம்பிக்கவில்லை.

முதல் வாரம் முடியுமுன், குடைக்கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர் சந்தாவை நிறுத்த வந்தார். பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து வாங்குகிறவர் அவர். எனக்குப் பகீரென்றது. செய்தி பிடிக்கவில்லையா, ஏதாவது தப்பாகப் போட்டுவிட்டோமா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, பத்திரிகை முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆசிரியரே வந்து நாற்காலி போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேட்டார். மரைக்காயர் கூச்சத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"வாரம் மூணு நாள்னா ஒரு நாள் வாசிப்பேன், ஒரு நாள் யோசிப்பேன். தினமும் வந்தா நான் எப்பங்க யோசிக்கிறது?"

இத்தனை வருஷம் எழுத்துகளின் கொம்பையும் காலையும் தேடித் தேடிக் கண் கெட்டதுதான் மிச்சம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தக் கண்ணால் பார்த்த மனிதர்களை நினைத்தால், கெட்டால் கெட்டுப் போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.